ஓர் அலறலுக்கு அனுமதி

1

இந்தக் கதை என் தொடைகளுக்கு நடுவில் தொடங்கியது.

(இப்படி எழுதிவிட்டு, பத்திரிகை ஆசிரியரின் முகத்தை நினைத்து அந்த வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுதிப் பார்த்த தொடக்கங்கள் எல்லாம் இதைவிட நாகரிகமாகவும் இதைவிடப் பொய்யாகவும் இருந்தன. ஆகவே திரும்பவும் எழுதியிருக்கிறேன். பயப்பட வேண்டாம். தொடைகளுக்கு நடுவில் இருந்தது ஒரு காகிதக் கோப்பை.)

கோப்பையில் கொதிக்கக் கொதிக்கக் கோகோ. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஹால்வர்சன் பல்கலைக்கழக மைதானம். அங்கே இருப்பது அலுமினியப் பெஞ்சு. உட்கார்ந்தால் குளிர் முதுகெலும்பு வழியாக ஏறிக் காதில் போய் நிற்கும். கோகோ ஆறட்டும் என்று மூடியைத் திறந்து, கோப்பையைத் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டேன். ஆட்டத்தின் கடைசி நொடிகள். எங்கள் அணியான கொக்குகள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ரீட் ஓல்ட்ஹாஃப் களத்துக்குள் நடந்து வந்தான். அவன் பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் மூன்று புள்ளி. பக்கத்து மாநிலத்து அணியான நீர்நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

இந்த ஊரில் ஒரு பழக்கம். எதிரணிக்காரன் உதைக்க வந்தால் நாற்பதாயிரம் பேரும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். நம் பையன் உதைக்க வந்தால் மூச்சைக்கூடக் கடன் சொல்லி விட வேண்டும். பாப்கார்ன் மெல்கிற தாடைகள் பாதியில் நிற்கும். பக்கத்து இருக்கை மார்லிஸ் டியாடன், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், ஒருமுறை இந்த நேரத்தில் தும்மலை அடக்கி இரண்டு நாள் காது கேட்காமல் இருந்திருக்கிறாள். அதைப் பெருமையாகவும் சொல்வாள்.

நானும் அந்த மௌனத்துக்கு மனப்பூர்வமாக ஒத்துழைத்தேன். ஆடக் கூடாது, அசையக் கூடாது என்ற பக்தியில் உடம்பை இறுக்கினேன். உடம்பு என்பதில் தொடைகளும் அடக்கம்.

"ஐயோ அம்மா!"

நாற்பதாயிரம் பேரின் மௌனத்தில் அந்தக் குரல் தன்னந்தனியாகக் களத்தைக் கடந்து போனது. பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது.

2

கைவிடப்பட்ட வேறு தொடக்கங்கள்:

"மைதானத்தின் மேல் அந்தி தன் பொற்கரங்களை" (அந்தி இல்லை. மேகமூட்டம். கரங்களும் இல்லை.)

"இந்த நாட்டில் ஃபுட்பால் என்று சொல்வது நம்முடைய கால்பந்து அல்ல, அது" (வகுப்பு எடுக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெயரில்தான் கால். ஆட்டம் முழுக்கக் கையாலும் தோளாலும். காலால் உதைப்பதற்கென்று ஓர் ஆள் தனியாக இருப்பான். மற்றவர்கள் சேற்றில் புரள, இவன் சலவைச் சட்டையோடு ஓரமாக நிற்பான். ஆட்டமே கவிழப்போகிறது என்னும்போது கூப்பிடுவார்கள். அவனுக்கு 'உதைப்பாளர்' என்று தமிழ் எழுதிப் பார்த்தேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பதவி மாதிரி இருந்தது. கிக்கர் என்றே இருக்கட்டும்.)

"ரீட் ஓல்ட்ஹாஃப் என்ற இளைஞனின் வாழ்க்கையில் நான்" (இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கதை எதற்கு?)

நான் யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தில்லைநாயகம். ஹால்வர்சனில் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சோளம் முளைக்குமா முளைக்காதா என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். என் பெயரை இந்த ஊர் முதல் நாளே 'டில்' என்று நறுக்கிவிட்டது. ஊறுகாய் வெள்ளரியில் போடும் சதகுப்பைக்கு இங்கே அந்தப் பெயர். மூன்று சிறுகதைத் தொகுப்புகள் எழுதியிருக்கிறேன். அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். ஜன்னலோர இருக்கை கிடைக்கவில்லை என்று யாரும் சண்டை போடமாட்டார்கள்.

(இந்த மாநிலத்தின் பெயர் அயோவா. அதையும் என் அலறலையும் சேர்த்து உங்களுக்கு ஒரு நகைச்சுவை தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. அடித்துவிட்டேன்.)

3

அன்று மைதானத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆசிரியரும் நம்பவில்லை.

நாற்பதாயிரம் முகங்களில் ஒரு பாதி என் பக்கம் திரும்பி, பார்த்தது தப்பு என்பதுபோல் உடனே திரும்பிக்கொண்டன. மார்லிஸ் கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டைகளை எடுத்து நீட்டினாள்.

"கொஞ்சம் சூடா இருந்துச்சோ?"

"ஆமா."

"ம். இந்த வருஷம் கோகோ நல்லாத்தான் போடறாங்க."

வெளியே போகும் வழியில் முன்வரிசைக்காரர் என் தோளைத் தட்டினார். "காத்து இன்னும் ஏறும்போல, டில்." அவ்வளவுதான். இந்த ஊரில் கோபத்தை வெளிக்காட்டுவது உள்ளாடையோடு தெருவுக்கு வருவதற்குச் சமம்.*

* ஒரு சின்ன அகராதி. "வித்தியாசமா இருக்கு" என்றால் சகிக்கவில்லை. "யோசிச்சுப் பாக்கலாம்" என்றால் செத்தாலும் மாட்டேன். "பரவாயில்ல" என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே வந்த நாளிலிருந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு என் இருக்கைக்கு முன்னால், கைப்பிடிக் கம்பிக்குக் கீழே, பஞ்சுத் தொப்பி போட்ட ஒரு மைக் கட்டியிருந்தது. கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேம் ஒன்றை உருவாக்கும் நிறுவனத்தார் நிஜக் கூட்டத்தின் சத்தத்தைப் பதிவு செய்ய வந்திருந்தார்கள். "நம்ம வரிசைல மைக் வெச்சிருக்காங்க, வாயை அடக்கிப் பேசுங்க" என்று மார்லிஸ் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. நான் பேசாத ஆள் என்று நம்பியிருக்கிறாள்.

4

ஜூலையில் அந்த வீடியோ விளையாட்டு வெளிவந்தது. அதில் ஹால்வர்சன் மைதானம் இருந்தது. கொக்குகள் இருந்தார்கள். ஒவ்வொருவனிடமும் வசந்த காலத்திலேயே கையெழுத்து வாங்கி, அவனவன் முகம், நம்பர், நடை எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார்கள். ரீட் ஓல்ட்ஹாஃப், நாற்பத்தொன்று, இடது காலில் மட்டும் இறங்கிப் போயிருக்கும் சாக்ஸோடு இருந்தான்.

ரசிகர்கள் என்றால் நன்றி சொல்பவர்கள் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் ரசிகர்களைப் பார்த்ததில்லை. இணைய மன்றத்தில் முதல் வாரமே ஆரம்பித்துவிட்டார்கள். (பட்டப்பெயர்களின் மொழிபெயர்ப்பு என்னுடையது.)

கொக்குப்பித்தன்: "தண்ணித்தொட்டி மேல எழுத்து புதுசா பளபளன்னு இருக்கு. நிஜத்துல பாதி உதிர்ந்து போச்சு. எங்களைப் பாத்தா கேனையன் மாதிரி இருக்கா?"

சோளக்காட்டான்: "கோச் சட்டையை உள்ள விட்டிருக்காரு. நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், அவரு சட்டை உள்ள போனதே இல்ல. யதார்த்தமாம்!"

மூணாம் வரிசை மேரி: "பேண்ட் குழுவுல பெரிய குழல் ஊதற டியூபாக்காரன் ஒருத்தன் எப்பவும் ஓரடி பின்னாடி வருவானே, அவன் எங்கய்யா? எல்லாரும் ஒண்ணா நடக்கறாங்க. பாக்கவே பயமா இருக்கு."

பிறகு யாரோ சொந்த மைதானத்தில் உதைத்துப் பார்த்திருக்கிறான். கூட்டம் மௌனமாகிறது. மௌனத்தின் நடுவில் ஓர் ஆண் குரல், தமிழில், அம்மாவைக் கூப்பிடுகிறது. ஒவ்வொரு தடவையும்.

சோளக்காட்டான்: "பொண்டாட்டிதான் கத்தறான்னு சமையலறைக்கு ஓடிட்டேன். அவ கேரட் நறுக்கிட்டு இருக்கா. என்னைப் பாத்து முறைக்கறா."

கொக்குப்பித்தன்: "இது கோளாறு. நம்ம ஆளு உதைக்கும்போது நம்ம மைதானத்துல எவன் கத்துவான்? சரி பண்ணுங்க."

நீர்நாய்ச்சாமி (எதிரணி ரசிகர்): "ஒருத்தன் கத்தினான். நான் அங்க இருந்தேன். அவனுக்கு எங்க ஊர்ல சிலை வைக்கப்போறோம்."

சோளக்காட்டான்: "சரி, கத்தறான். கத்தினா கிக் தப்பணுமில்ல? ஓல்ட்ஹாஃப் பாட்டுக்குக் குனிஞ்ச தலை நிமிராம உதைக்கறான், ஜம்முனு உள்ள போகுது. இதுவா யதார்த்தம்?"

என்ன மொழி என்று அடுத்த விவாதம். ஹங்கேரியன் என்றான் ஒருவன். பன்றி ஏலம் விடுபவர் என்றான் இன்னொருவன். கெட்ட வார்த்தை என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒற்றுமை. கடைசியில் டெக்சாஸில் படிக்கும் ஒரு நம்மூர்ப் பெண் வந்து, இது தமிழ், இந்த ஆள் வலியில் தன் அம்மாவைக் கூப்பிடுகிறான் என்று எழுதிவிட்டுப் போனாள்.



கொக்குப்பித்தன்: "அம்மாவையா கூப்பிடறான்?"

மூணாம் வரிசை மேரி: "பாவம்யா."

கொக்குப்பித்தன்: "எடுக்கச் சொன்னேன்ல, வாபஸ். இந்த கேம்லயே நிஜமா இருக்கறது இது ஒண்ணுதான்."

செப்டம்பரில் மாணவர்கள் 'ஐயோ' என்று பெரிதாக அச்சடித்த பனியன்களோடு மைதானத்துக்கு வந்தார்கள். எதிரணிக் கிக்கர் நடந்து வரும்போது பத்தாயிரம் அமெரிக்கக் குழந்தைகள் ஒரே குரலில் "ஐயோ அம்மா" என்றார்கள். யதார்த்தத்தைப் பார்த்து விளையாட்டு செய்தார்கள், இப்போது விளையாட்டைப் பார்த்து யதார்த்தம் கற்றுக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று மார்லிஸிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த சாஸேஜில் வெங்காயம் இல்லை.

5

ஆசிரியரிடம் இதுவரைக்குமான பகுதியை அனுப்பினேன். தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நாப்பதாயிரம் பேர்னு போட்டிருக்கீங்க. காலேஜ் பசங்க ஆட்டத்துக்கா? நாலாயிரம்னு மாத்திருவோமா?"

"நாப்பதாயிரம்தாங்க. இதைச் சின்ன மைதானம்னு சொல்வாங்க."

"இருக்கலாம் சார். படிக்கறவன் நம்பணும்ல? அப்புறம், தோத்ததுக்கு ஒரு அடிதடிகூட இல்லையா? உங்க மேல ஒருத்தன் கை வைக்கல?"

"கைக்குட்டை குடுத்தாங்க."

"இதான் சார் இடிக்குது."

ஃபோனை வைத்த பிறகு புரிந்தது. ஆசிரியரும் கொக்குப்பித்தனும் ஒரே ஆள். நடந்தது வேண்டாம், நடந்த மாதிரி இருக்க வேண்டும். ஒருவருக்குத் தண்ணீர்த்தொட்டியில் எழுத்து உதிர வேண்டும், இன்னொருவருக்கு என் பல் உதிர வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார், போகிற போக்கில். "அந்தக் கிக்கர் பையன்தான் சார் கதைல ஆளாவே வரல. சாக்ஸ் மட்டும் வருது."

உண்மை. ரீட்டை எனக்குப் பாத்திரமாகக்கூடத் தெரியாது. அவனை மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மேலே எழுதியதில் அவனை ஒரு சாக்ஸாகவும் ஒரு தவறிய பந்தாகவும் வைத்துக்கொண்டு, முழு வெளிச்சத்தையும் என் அலறல் மேல் போட்டிருக்கிறேன். அவன் ஆகஸ்டில் அணியை விட்டு விலகிவிட்டான் என்பதை நான்காம் பகுதியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேடிக்கை கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

இப்போது சொல்கிறேன். விளையாட்டில் இருக்கிறான், அணியில் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை "சொந்தக் காரணங்கள்" என்று எழுதியது. முழங்கால் என்றார் முன்வரிசைக்காரர். மார்லிஸிடம் கேட்டேன்.

"அவங்க சித்தப்பாவுக்கு வயல்ல வடிகால் குழாய் பதிக்கிற தொழில். கைக்கு ஆள் வேணுமாம்."

"அதுக்காகவா விட்டுட்டான், மார்லிஸ்?"

"நல்ல தொழில்ப்பா அது."

"நான் கத்தினதாலயா?"

"மழை வரும்போல இருக்கு, டில்."

6

அக்டோபரில் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். குரல் என்னுடையது என்று ரசிகர்கள் மூலம் தெரிந்ததாம். நான் அனுமதி கொடுத்தால் அலறல் விளையாட்டில் நிரந்தரமாக இருக்கும். வேண்டாம் என்றால் அடுத்த அப்டேட்டில் எடுத்துவிடுவார்கள். இரண்டில் எது என்று தெரிவிக்கவும், அன்புடன்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று தொகுப்புகள், ஒரு வேன். இன்னொரு பக்கம் இரண்டே சொற்கள், பல லட்சம் வீடுகள். என் எழுத்தைப் பிரசுரிக்க என்னிடம் அனுமதி கேட்ட பதிப்பாளர் உலகத்திலேயே கிடையாது. நானேதான் போய்க் கெஞ்சுவேன். இப்போது, எடிட் செய்யப்படாத, ஒற்றை எழுத்துக்கூட மாற்றப்படாத என் படைப்பு ஒன்றுக்கு நிரந்தரம் தருகிறார்கள்.

சரி என்று எழுதி, அனுப்புவதற்கு முன் கை நின்றது. ரீட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. யோக்கியமாகச் சொன்னால், கேட்கத் தோன்றவில்லை. அவன் வாயால் "பரவாயில்ல" என்று வாங்கிக்கொள்ளத் தோன்றியது.

நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் காலையில் இருப்பான் என்று மார்லிஸ் சொன்னாள். ஊரின் பாதிப் பேர் அங்கேதான் காலை பீட்சா சாப்பிடுவார்கள். முட்டையும் சாஸேஜும் போட்டது. நல்ல பீட்சா எங்கே கிடைக்கும் என்று இங்கே யாரிடம் கேட்டாலும் பெட்ரோல் பங்க்கைத்தான் கை காட்டுவார்கள். ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸில் கரிசல் சேறு. கிட்டத்தில் பார்க்க, நினைத்ததைவிடச் சின்னப் பையன். மேலுதட்டில் மீசை வர முயற்சி செய்துகொண்டிருந்தது.

(இவர்கள் மொழியில் கடவுளுக்கும் நாய்க்கும் ஒரே 'நீ'தான். தமிழில் எழுதும்போது அவன் என்னை 'நீங்க' என்கிறானா 'நீ' என்கிறானா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். 'நீங்க' போட்டுவிட்டேன்.)

"நான் தில்லை... டில். மூணாவது வரிசை."

"தெரியுங்க. உக்காருங்க." நகர்ந்து இடம் கொடுத்தான். "காலு எப்படி இருக்கு?"

"காலா?"

"கோகோ."

"ஆறிடுச்சு. அப்பவே."

"நல்லது," என்றான். நிஜமாகவே நிம்மதியானது போலிருந்தது. இது வெறும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மின்னஞ்சல் விஷயத்தைச் சொன்னேன். பீட்சா ஓரத்தைக் கடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான்.

"உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே, ரீட்?"

"பரவாயில்லங்க."

"அது இருந்தா பரவாயில்லையா, எடுத்துட்டா பரவாயில்லையா?"

"ரெண்டும் பரவாயில்ல."

"நீ உதைச்சப்போ அது உன் காதுல விழுந்துச்சா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தான். "இந்த வருஷம் சோளம் கொஞ்சம் லேட்டு."

நான் விதைக்கூடத்துக்காரன். சோளம் லேட் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

7

முடிவுகள். பேரம் கிடையாது, எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளலாம்.

(அ) ரீட் சிரித்துவிட்டு, "உங்க கத்தலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஊன்றுகால் ஐஸ்ல வழுக்கிடுச்சு" என்கிறான். நான் அழுகிறேன். அனுமதி கொடுக்கிறேன். நீர்நாய்கள் எனக்குச் சிலை வைக்கிறார்கள். (இது என் உள்ளத்தின் விருப்பம். ஆகவே சந்தேகத்துக்குரியது.)

(ஆ) ரீட் என் சட்டையைப் பிடித்து உலுக்கி, "என் வாழ்க்கையே போச்சுய்யா உன்னால" என்கிறான். பீட்சா பறக்கிறது. (ஆசிரியருக்காக.)

(இ) நானும் அவனும் சோபாவில் உட்கார்ந்து அந்த விளையாட்டை ஆடுகிறோம். அலறல் வரும்போது இருவரும் சேர்ந்து "ஐயோ அம்மா" என்கிறோம். வெளியே பனி பெய்ய ஆரம்பிக்கிறது. (பனி எதற்கு? எழுத்தாளனுக்கு முடிவு கிடைக்காதபோது வானத்திலிருந்து ஏதாவது பெய்ய வேண்டும்.)

இந்த இடத்தில் நிறுத்தி, "வாசகரே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்" என்று கையைத் துடைத்துக்கொள்வதாக இருந்தேன். என் வயது எழுத்தாளர்களுக்கு இது பழகிய வழி. ஆனால் நிறுவனத்துக்குப் பதில் வாசகர் எழுதமாட்டார். நான்தான் எழுத வேண்டும்.

ஆகவே கதையை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன்.

8

ஊருக்கு மேற்கே, அறுவடை முடிந்த வயல். குழி தோண்டும் இயந்திரம் ஒரு நீளமான கறுப்புக் கோட்டைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ரீட் குழிக்குள் இடுப்பளவில் நின்று, சுருட்டி வைத்த பிளாஸ்டிக் குழாயை இழுத்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தான். நான் வரப்பில் நின்று, மூன்று முடிவுகளையும் அவன் மொழியில் வாய்க்கு வந்தபடி பெயர்த்துச் சொன்னேன். உலகத்திலேயே முதன்முறையாக ஒரு சிறுகதை குழிக்குள் இருப்பவனிடம் வாசிக்கப்பட்டிருக்கலாம்.

கேட்டு முடித்துவிட்டுக் கையுறையால் மூக்கைத் துடைத்தான்.

"ரெண்டாவதுல நான் உங்க சட்டையைப் புடிக்கறேனா?"

"ஆமா."

"இந்தக் கையோடவா? நம்பற மாதிரி இல்லையே."

"முதல்ல சொன்னது?"

"அன்னிக்கு ஐஸ் எங்க இருந்துச்சு? தரை நல்லாத்தான் இருந்துச்சு. படிக்கட்டுலதான் ஐஸ்."

"மூணாவது?"

"பனி..." என்று இழுத்தான். "அது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு."

அகராதியைப் பார்க்கவும்.

"அப்போ நீயே சொல்லு ரீட். நான் கத்தினது கேட்டுச்சா, இல்லையா?"

அவன் சித்தப்பா தூரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். வயலில் சத்தமே இல்லை. அந்த மௌனத்தை நான் அறிவேன். இந்தத் தடவை கையில் கோகோ இல்லை.

"கேட்டுச்சு," என்றான். "கிக்கருக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் குடுப்பாங்க. தலையைத் தூக்காதே. உலகமே இடிஞ்சாலும் கண்ணு பந்துமேல. சின்ன வயசுலேர்ந்து அதான் எனக்கு. அன்னிக்குத் தூக்கிட்டேன்."

"என்னால."

"யாருக்கோ அடிபட்டுடுச்சுன்னு நெனச்சேன். உங்க பக்கம் படிக்கட்டு ஐஸா இருந்துச்சில்ல? யாரோ உருண்டு விழுந்துட்டாங்கன்னு பாத்தேன். நீங்க எந்திரிச்சு நின்னு பேண்ட்டை உதறிட்டு இருந்தீங்க. காலு அதுக்குள்ள உதைச்சிடுச்சு."

ஹாஸ்யம் எதுவும் வரவில்லை. எனக்கு அது பழக்கமில்லாத நிலைமை.

"அதனாலதான் விலகினியா?"

"அந்த ஒரு கிக்னால இல்ல. அப்புறம் பிராக்டீஸ்ல ஒவ்வொரு தடவையும் தூக்கினேன். ஒருத்தரும் கத்தல. ஆனா காது அந்தப் பக்கமே இருந்துச்சு. எவனாவது விழுந்திருப்பானோன்னு." குழாயின் முனையைக் குதிகாலால் அழுத்தினான். "குழாய் பதிக்கும்போது அந்தத் தொந்தரவு இல்ல. யார் கத்தினாலும் நிறுத்திட்டுப் பாக்கலாம்."

"கேம்ல நீ தப்பவே மாட்டேங்கறியே. எல்லாம் உள்ள போகுது."

"அதுதாங்க." முதல்முறையாக அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. இந்த ஊர்க் கணக்கில் அது கூச்சல். "என் மூஞ்சி. என் நம்பர். என் சாக்ஸ்கூட. ஒரு மனுஷன் அம்மான்னு அலர்றாரு, அவன் காதுல விழாத மாதிரி உதைச்சுட்டுக் கையைத் தூக்கிக் குதிக்கறான். எங்க அம்மா அதைப் பாத்துட்டு, 'என்னடா இப்படி இருக்கே'ன்னு கேட்டாங்க. அது நான் இல்ல."

மன்றத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் குறை சொன்னார்கள். தண்ணீர்த்தொட்டி, கோச்சின் சட்டை, டியூபாக்காரன். விளையாட்டில் தப்பாக இருந்தது எது என்று சொல்லத் தெரிந்தவன் இடுப்பளவு குழியில் நின்றுகொண்டிருந்தான், மன்றத்தில் கணக்கே இல்லாமல்.

"அன்னிக்குப் பரவாயில்லன்னு சொன்னியே?"

"அப்படித்தானே சொல்லுவோம்," என்றான்.

சித்தப்பா இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். ரீட் ஒரு நிமிஷம் என்று விரல் காட்டினான்.

"நீங்க எழுதறீங்களே இந்தக் கதை. இதுல நான் தலையைத் தூக்கறேனா?"

"இன்னும் எழுதல. எழுதுவேன். தூக்குவே."

"அப்ப கதை இருக்கட்டும்." குனிந்து குழாயைப் பிடித்தான். பிறகு நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தான். "கேம்லேர்ந்து எடுத்துருங்க, டில்."